கறுப்புக் குமிழி

அந்தக் கண் மருத்துவமனையின் கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் ஏதாவது ஒரு புருவத்துக்கு மேல் துண்டு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. எந்தக் கண்ணில் ஊசி இறங்க வேண்டுமோ அந்தப் பக்கம். பிளாஸ்டரும் இல்லாமல், உட்காரவும் பிடிக்காமல் குறுக்கும் நெடுக்கும் அலைந்துகொண்டிருந்தவள் குடைச்சல் ஒருத்திதான்.

"அக்கா, நீங்க நடந்த நடைக்கு இந்நேரம் அடுத்த ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம்," என்றான் வால். "ஊசி போட்டா இப்படித்தான் ஆயிடும்போலன்னு எல்லாரும் உங்களைப் பார்த்துப் பயப்படுறாங்க."

"வாயை மூடுடா. யோசிக்கிறேன்."

"காலால யோசிக்கிற ஒரே ஆளு நீங்கதான்."

குடைச்சல் என்பது அவள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தபோது கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர். வேலையை விட்டுத் தனியாகத் துப்பறியும் அலுவலகம் போட்டாள். பெயர் விடவில்லை. வால் அவளுடைய உதவியாள். ஆள் பீரோ மாதிரி இருப்பான். வாய் மட்டும்தான் வால்.

வழக்கு கேட்பதற்குச் சின்னது. போகப்போகிற பொருள்தான் பெரிது. ஒரு மனிதனின் கண்.

அவர் டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. இடது கண் வாலிபத்திலேயே சுண்ணாம்பு தெறித்துப் போய்விட்டது. மிச்சம் இருந்த வலது கண்ணை வைத்துக்கொண்டு, ரசமட்டமே வெட்கப்படும்படி தரை போட்டவர். போன மழைக்காலத்தில் ஒரு நாள், ஒட்டிய டைல்ஸ் கோடெல்லாம் பாம்பாக நெளிகிறது என்று கூட வேலை செய்தவர்களைத் திட்டித் தீர்த்துவிட்டார். தரை நேராகத்தான் இருந்தது. நெளிந்தது கண்.

"டைல்ஸுக்குப் பின்னால குழாய் கசிஞ்சா என்ன ஆகும் மேஸ்திரி? டைல்ஸ் உப்பிக்கும் இல்ல? உங்க விழித்திரைக்குப் பின்னால களை மாதிரி புது ரத்தக்குழாய் முளைச்சிருக்கு. அது கசியுது," என்று டாக்டர் அவருக்குப் புரிகிற பாஷையில் சொல்லியிருக்கிறார். அந்த முளைப்பை அடக்கிக் கசிவை வற்றவைக்க மருந்து உண்டு. அதைக் கண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போட வேண்டும். மாதம் ஒன்றாக மூன்று ஊசி. போட்டாயிற்று. பிறகு எடுத்த ஸ்கேனில் மற்றவர்களுக்கெல்லாம் நீர் வற்றியிருந்தது. மேஸ்திரிக்கு மட்டும் கூடியிருந்தது.

மேஸ்திரியின் மனைவி ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். அசலையும் நகலையும் ஒரே பார்வையில் பிரித்துவிடுவேன் என்பது அவளுடைய பெருமை. "என் வீட்டுக்காரருக்குத் தண்ணி ஊசி போட்டிருக்காங்க," என்று இதே கூடத்தில் நின்று கத்தினாள். ஊசியில் மருந்து நிரப்புகிற சிஸ்டர்மேல் கையை நீட்டினாள். டாக்டர் சிஸ்டரை அந்த வேலையிலிருந்து ஒதுக்கி வைத்தார். ஜெராக்ஸ் கடைக்காரி நேரே குடைச்சலிடம் வந்தாள்.

இன்றைக்கு மறுபடியும் ஊசி நாள். கடைசி ஆளுக்குப் போட்டு முடித்ததும் மிஞ்சிய மருந்தைக் கொட்டிவிடுவார்கள். அத்தோடு மேஸ்திரியின் வைத்தியத்தையும் முடித்துக்கொள்ளப் போவதாக டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். கேட்காத மருந்தை எத்தனை தடவை ஊற்றுவது?

குடைச்சலின் கால் நிற்காததற்குக் காரணம் அதுதான். கூடத்தில் ஒவ்வொரு நாற்காலியாகக் காலியாகிக்கொண்டே வந்தது.

*

மருந்து அறையில் சிஸ்டர் சுவரோரமாக நின்றிருந்தாள். அழுது முடித்த முகம். கை சும்மா இருக்க மாட்டாமல் ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பரைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"மருந்து எப்படி வரும்? எப்படிப் போகும்? பாடம் மாதிரி சொல்லும்மா," என்றாள் குடைச்சல்.

"ஒரு பாட்டில் மருந்துதான் மேடம். காலையில அதுலேர்ந்து சின்னச் சின்ன சிரிஞ்சுல பிரிச்சு ரொப்பிடுவேன். எல்லாம் ஒரே தட்டுல இருக்கும். அப்புறம் நான் வெளிய வந்துடணும்."

"எந்த சிரிஞ்சு யாருக்குன்னு எழுதி வெப்பியா?"

"எதுக்கு மேடம்? எல்லாம் ஒரே மருந்து, ஒரே அளவு. டாக்டர் கைக்கு எது வருதோ அது."

குடைச்சல் வாலைப் பார்த்தாள். வால் தலையைச் சொறிந்தான்.

"அதாவது ஒண்ணுல தண்ணி ரொப்பினாக்கூட, அது மேஸ்திரிக்குத்தான் போகும்னு யாராலயும் சொல்ல முடியாது," என்றான். "முதல் தடவை மாட்டிக்கிட்டார், சரி. மூணு தடவையும் அவருக்கே தண்ணி விழுந்துச்சுன்னா, அவரைக் கூட்டிட்டுப் போய் லாட்டரி சீட்டு வாங்க வெக்கணும் அக்கா."

"மத்தவங்களுக்கும் அதே தட்டு. அவங்களுக்கு வத்தியிருக்கு." குடைச்சல் ஃப்ரிட்ஜைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "மருந்து நல்ல மருந்துதான். தப்பு இங்க நடக்கல. வா."

"மேடம்," என்று சிஸ்டர் கூப்பிட்டாள். "அந்த அக்கா என்னைக் கொலைகாரியைப் பார்க்கிற மாதிரி பார்த்துட்டுப் போனாங்க. வீட்டுக்குப் போனாலும் அந்தப் பார்வை கூடவே வருது."

"இன்னைக்குள்ள அதைத் திருப்பி அனுப்பிடலாம்," என்றாள் குடைச்சல். சொன்ன பிறகுதான், எப்படி என்று தனக்கே தெரியாது என்பது உறைத்தது.

*

மேஸ்திரி கூடத்தின் மூலையில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். தளம் கொத்திப் பழகிய கை. ஒரு செங்கல்லை ஒரே தட்டில் இரண்டாக்குகிற ஆள். பக்கத்தில் மனைவி கைப்பையை மடியில் வைத்து, அது ஓடிவிடும் போல இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஊசி போட்டப்ப எப்படி இருந்துச்சு மேஸ்திரி?"

"வலிதாம்மா. ஊசின்னா வலிக்காதா?"

"போட்ட பிறகு?"

"அதான் எல்லாருக்கும் வருமே, கறுப்புக் குமிழி. வந்துச்சு. பலூன் மாதிரி அப்படியே மேல ஏறி, உத்தரத்துல போய் நின்னுக்கிச்சு. மறுநாள் காணோம்."

"மூணு தடவையும் இதே தான் சொன்னார்," என்றாள் மனைவி. "நானும் மூணு தடவையும் இவருக்குச் சொட்டு மருந்து விட்டேன். எல்லாம் தண்ணிக்கு விட்டது. ஏங்க, டாக்டர் கைவிட்டுட்டாரே, அதைக் கேட்டுட்டு உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

"விதின்னு ஒண்ணு இருக்கில்ல," என்றார் மேஸ்திரி.

குடைச்சல் அவரை உற்றுப் பார்த்தாள். காலையில் இனி ஊசி இல்லை என்று டாக்டர் சொன்னபோதும் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். இருக்கிற ஒற்றைக் கண்ணும் போகப் போகிறது என்று கேட்ட மனிதன் இடிந்து போயிருக்க வேண்டும். இவரோ அப்போது சட்டைக் காலரால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டார். பரீட்சை ரத்து என்று கேட்டவன் விடுகிற மூச்சு.

"என்னமோ உறுத்துதுடா," என்றாள் வாசலுக்கு நடந்தபடியே.

"கண்ணா?"

"மண்டை."

*

ஊசி போட்டவர்கள் அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது என்று வாசலில் பெரிய எழுத்தில் போர்டு இருந்தது. அதனால் நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டி வரவும் கொண்டு விடவும் மருத்துவமனையே ஒரு வேன் வைத்திருந்தது. அதை ஓட்டுகிறவரை எல்லோரும் பைலட் என்று கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் சீப்பு, யார் வந்தாலும் கதவைத் திறந்துவிடுகிற பணிவு.

வேனின் வலது பக்கம் முன்னாலிருந்து பின்னால் வரை உராய்ந்திருந்தது. பழைய கீறலின்மேல் புதுக் கீறல்.

"என்ன பைலட், விமானத்தை மரத்துல இறக்கினீங்களா?" என்றான் வால்.

"வாசல் கேட்டுத் தூண் தம்பி. அது நகர மாட்டேங்குது."

"எப்பவும் வலது பக்கம் தானா?"

"தூண் அந்தப் பக்கம் தானே இருக்கு," என்று சிரித்துவிட்டு அவர் வேனுக்குள் தலையை நீட்டினார். உள்ளே, அன்றைய கடைசி நடையில் முதல் முறையாக ஊசிக்கு வந்த தபால்காரர் ஒருவர் இறங்க மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

"அண்ணே, இறங்குங்க," என்றார் பைலட் இதமாக. "முதல்ல சொட்டு விடுவாங்க, ஜில்லுனு இருக்கும். இமையை ஒரு கிளிப்பு போட்டுப் பிடிப்பாங்க, அதுதான் கொஞ்சம் பேஜாரு. ஊசி, யாரோ கட்டை விரலால அமுக்கற மாதிரி, அவ்வளவுதான். அப்புறம் ஒரு கறுப்புக் குமிழி வரும், அதுக்குப் பயந்துடாதீங்க. கீழதான் கிடக்கும். கரெக்டா ஸ்பீடு முள்ளு மேல வந்து உக்காந்துக்கும். தலையை ஆட்டினா நண்டு மாதிரி ஓடும். மறுநாள் பார்த்தா இருக்காது."

தபால்காரர் கம்பியை விட்டார்.

குடைச்சல் வேனின் படியில் ஏறி நின்றாள். "ஏற்கெனவே ஊசி போட்டவங்க எல்லாம் கையைத் தூக்குங்க. குமிழி வந்துச்சா?"

சிலருக்கு வந்ததில்லை. வந்தவர்கள் தலையாட்டினார்கள்.

"எங்க வந்துச்சு? மேலயா, கீழயா?"

"கீழதாம்மா," என்றாள் முன் இருக்கைப் பெண். "தட்டுல வெச்சதைச் சாப்பிட விடாது."

"எனக்கும் கீழ."

"ஷூ லேசுகிட்ட."

மேலே என்று ஒருவரும் சொல்லவில்லை. குடைச்சல் படியிலிருந்து குதித்து உள்ளே ஓடினாள். வால் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டே வந்தான்.

"அக்கா, தரை ஈரம். நீங்க விழுந்தா தூக்குறது நான்தான்."

*

டாக்டர் இரண்டு ஊசிகளுக்கு நடுவில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு கேள்வி டாக்டர். குமிழி ஏன் கீழ தெரியுது?"

"இதுக்கா கதவைத் தட்டினீங்க?" என்றாலும் அவருக்குப் பதில் சொல்லப் பிடித்திருந்தது. "மருந்தோட கொஞ்சம் காத்து உள்ள போகும். காத்து எங்க போகும்? கண்ணுக்குள்ள மேலதான் ஏறும். ஆனா விழித்திரையில படம் எல்லாமே தலைகீழாத்தான் விழும். மூளை அதைத் திருப்பிப் போடும். அதனால மேல நிக்கிற குமிழி நமக்குக் கீழ தெரியும்."

"மேல தெரிய வாய்ப்பே இல்லையா?"

"நிமிர்ந்து உக்காந்திருந்தா இல்ல."

"குமிழின்னா மேலதானே போகும்னு நினைச்சு யாராவது சொன்னா?"

"பார்க்காதவங்க அப்படித்தான் சொல்வாங்க." டாக்டரின் கை துண்டுக்குள் நின்றது.

"உங்க மருந்துல தண்ணி இல்ல டாக்டர்," என்றாள் குடைச்சல். "மேஸ்திரி கண்ணுலதான் மருந்து இல்ல. ஒரு தடவைகூட."

"என்ன பேசுறீங்க? நானே போட்டேன். என் கையால."

"யார் கண்ணுல?"

டாக்டர் ஊசி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஊசி அறைக்குள் போகிறவர் பச்சை அங்கி போட்டு, தொப்பி போட்டு, மாஸ்க் கட்டித்தான் போவார். டோக்கன் அங்கியில் குத்தியிருக்கும். படுக்கவைத்து முகத்தில் துணி போர்த்துவார்கள். துணியில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் ஒரு கண். எச்சில் பட்டால் கண்ணில் கிருமி இறங்கும் என்பதற்காக உள்ளே யாரும் பேசவே கூடாது. பேர் கேட்டால் தலையாட்டினால் போதும்.

"துணிக்கு அடியில எல்லாருமே வெறும் கண்ணுதான்," என்றான் வால் மெதுவாக. முதல் தடவையாக அவன் சிரிக்கவில்லை. "அப்ப மூணு ஊசியும் யாருக்குப் போச்சு அக்கா? கண்ணுல ஊசி போட்டுக்கணும்னு எவன் ஆசைப்பட்டு வருவான்?"

குடைச்சல் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் நடந்தாள். திரும்பினாள். நடந்தாள். சட்டென்று நின்றாள். காலையிலிருந்து அவள் கால் நின்றது அப்போதுதான்.

"வால், வாசல்ல போர்டு என்ன சொல்லுது?"

"ஊசி போட்டவங்க வண்டி ஓட்டக் கூடாது."

"அப்ப, ஸ்பீடு முள்ளு மேல குமிழி உக்காந்ததை எவன்டா பார்த்தான்?"

வால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். கீழே பைலட் உராய்ந்த வலது பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

*

பைலட் மறுக்கவில்லை. டாக்டரின் அறையில் மேஸ்திரிக்குப் பக்கத்தில் நின்று சீப்பை எடுத்தார், வாராமல் திரும்பப் பையில் வைத்தார்.

"எனக்குச் சர்க்கரை இருக்கு சார். வலது கண்ணுல நடுவுல மட்டும் மங்கிட்டே வந்துச்சு. தூரத்து ஆஸ்பத்திரி ஒண்ணுல காட்டினேன். இதே மருந்து, இதே மாதிரி மூணு ஊசின்னாங்க. மாசா மாசம் அவ்வளவு தூரம் லீவு போட்டுப் போனா, எதுக்குன்னு கேப்பீங்க. இங்க காட்டினா நீங்க முதல்ல சாவியைப் பிடுங்குவீங்க."

"பிடுங்கத்தான் செய்வேன்!"

"அன்னைக்கு டிரஸ் மாத்தற ரூம்ல இவர் உக்காந்திருந்தார் சார். டோக்கனைக் கையில வெச்சுக்கிட்டு உள்ள போக மாட்டேங்கறார். எனக்கு வேணும், இவருக்கு வேணாம். அங்கியையும் டோக்கனையும் நான் மாட்டிக்கிட்டு உள்ள போயிட்டேன், மூணு தடவையும்."

ஜெராக்ஸ் கடைக்காரி கணவனைப் பார்த்தாள். "என்னங்க சொல்றார் இவர்?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

"வாயைத் திறங்க!"

"கதவு இடுக்குல பார்த்தேன்டி. முன்னால போனவருக்கு அந்தக் கிளிப்பைப் போட்டு, ஊசியை நேரா..." அவர் இடது கண்ணை விரலால் தொட்டார். "எனக்கு இருக்கிறதே ஒண்ணு. அதுல எவனாவது ஊசியை இறக்குவானா? கை தவறிட்டா? அந்தப் பக்கம் சுண்ணாம்பு போனப்பவும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னாங்க."

"உத்தரத்துல குமிழி ஏறிச்சுன்னு சொன்னீங்களே."

"வேன்ல பேசிக்கிட்டாங்க. குமிழி வரும்னு மட்டும்தான் காதுல விழுந்துச்சு."

"முப்பது அடி சாரத்துல கயிறு கட்டாம நிக்கிற மனுஷன்!" அவள் கைப்பை கீழே விழுந்தது. "உங்களுக்காக இந்தப் பொண்ணை ஊர் பார்க்கக் கத்தினேனே. தண்ணி ஊசின்னு. திருடின்னு." கதவோரம் நின்ற சிஸ்டர் பக்கம் திரும்பினாள். கை கூப்பினாள்.

"அப்புறம் நானும் உங்களைத் திட்டிக்கறேன் அக்கா," என்றாள் சிஸ்டர். "இப்ப உள்ள கடைசி ஆளு படுத்திருக்கார். அவர் முடிஞ்சா மருந்தைக் கொட்டிடுவாங்க."

டாக்டர் பைலட்டை நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கைக் கண்ணில் அடித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "வத்தியிருக்கு," என்றார் எரிச்சலோடு. "மருந்து அதோட வேலையை ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு. ஊசி போட்ட கண்ணோட என் பேஷன்ட்டுங்களை வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிருக்கீங்க. தூணோட போச்சு. அந்த இடத்துல ஒரு ஆளு நின்னிருந்தா?"

பைலட் சாவியை மேஜைமேல் வைத்தார். வைத்த பிறகும் விரல் கொஞ்ச நேரம் அதன்மேலேயே இருந்தது.

"மேஸ்திரி," என்றார் டாக்டர், "மூணு மாசத்துல போனது போனதுதான். அது திரும்ப வரும்னு சொல்ல மாட்டேன். இருக்கறதைப் பிடிச்சு வைக்கப் பார்க்கலாம். அதுக்கும் இன்னைக்கே ஆரம்பிக்கணும். சிஸ்டர், நீங்களே ரொப்புங்க."

சிஸ்டர் ஓடினாள்.

*

அங்கி மாட்டியாயிற்று. தொப்பி, மாஸ்க், டோக்கன், புருவத்துக்கு மேல் பிளாஸ்டர். ஊசி அறையின் கதவு வரைக்கும் வந்த மேஸ்திரி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மனைவி கெஞ்சினாள். மிரட்டினாள். வால் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்துப் பார்த்தான்.

"அக்கா, இது ஆளு இல்ல, தூணு," என்றான். "பைலட்டைத்தான் கூப்பிடணும், இடிச்சுத் தள்ள."

விளையாட்டாகச் சொன்னதுதான். குடைச்சல் திரும்பிப் பார்த்தாள். பைலட் கூடத்தின் கடைசியில், போக இடம் தெரியாமல் நின்றிருந்தார்.

"இங்க வாங்க," என்றாள். "இந்தக் கதவுக்குள்ள என்ன நடக்கும்னு இங்க இருக்கிறவங்கள்ல உங்களுக்குத்தான் தெரியும். இவருக்கு வர வேண்டியதை எடுத்துக்கிட்டீங்க. கொண்டு போய் விடுங்க."

டாக்டர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். மேஸ்திரியின் பிடியைப் பார்த்துவிட்டு, இன்னொரு அங்கியைக் காட்டினார்.

பைலட் அங்கியை மாட்டிக்கொண்டு மேஸ்திரியின் கையை நிலைப்படியிலிருந்து விரல் விரலாகப் பிரித்தார். "உள்ள பேசக் கூடாது மேஸ்திரி. அதனால நான் கையை அமுக்குவேன். ஒரு அமுக்கு, சொட்டு மருந்து. ரெண்டு, கிளிப்பு. மூணு, ஊசி. மூணாவது அமுக்குக்கு முன்னால எதுவும் நடக்காது. என் மேல சத்தியம்."

"உன் மேலயா? நீ என் மேல சத்தியம் பண்ணினாக்கூட நம்பலாம்," என்றார் மேஸ்திரி. ஆனால் கையை விடவில்லை.

கதவு மூடிற்று.

வெளியே யாரும் பேசவில்லை. உள்ளே பேசக் கூடாது என்பது போர்டு. வெளியே ஏன் பேசவில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரி சிஸ்டரின் கையை எப்போது பிடித்தாள் என்று இருவருக்குமே நினைவில்லை. குடைச்சல் நடக்கத் தொடங்கினாள். அவளோடு வாலும் நடந்தான்.

உள்ளே ஏதோ ஒன்று தட்டில் வைக்கப்படும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம், எல்லோருக்கும் கேட்கும்படி மேஸ்திரியின் குரல்:

"எப்ப போடுவீங்க?"

"போட்டாச்சு," என்றார் டாக்டர். "அடுத்த மாசம் மறுபடியும் போடணும். நீங்களே வாங்க."